தடைக்காலத்துப் பிள்ளைகள்

எங்கள் வேலையில் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதிதான் பிறக்கிறது. அன்று கிழக்குக் கடற்கரை முழுக்க மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லாததால் திரேஸ்புரத்திலும் புன்னைக்காயலிலும் தொழிலுக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டிருப்பார்கள். விசைப்படகை நம்பியிருக்கும் வீடுகளில் மட்டும் அடுப்பெரிய வட்டிக்கு வாங்கவேண்டிய காலம் அது.

நிதி தருகிறவர்களுக்கு ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. மார்ச்சில் கணக்கை முடித்து அறிக்கை அனுப்பினால், புது ஆண்டுக்கான ஒப்புதல் வந்துசேர மே ஆகும், சில வருடம் ஜூனும் ஆகும். பள்ளிக்கூடத்துக்கோ ஆண்டு ஜூனில். ஆக, ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை கடல் அடைத்திருக்கும், பள்ளி பூட்டியிருக்கும், திட்டமும் உறங்கும். வேம்பார் தொடங்கிப் பெரியதாழை வரை 160 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்தக் கரையில், ஒரு பெண்பிள்ளை மேலே படிப்பாளா, மில்லுக்குப் போவாளா, நிச்சயம் பண்ணி வீட்டில் உட்காருவாளா என்பது பெரும்பாலும் அந்த இரண்டு மாதத்துக்குள் முடிவாகிவிடுகிறது.

பல வருடமாக இந்தக் கடற்கரையில் வளரிளம்பெண்களுக்கான ஒரு சிறு திட்டத்தை ஒருங்கிணைத்து வருகிறேன். பதினொரு வயதிலிருந்து பதினெட்டு வரை உள்ள பிள்ளைகள். வாரக் கூட்டம், ரத்தசோகைப் பரிசோதனை, படிப்பை விட்டவர்களைத் திரும்பச் சேர்ப்பது, தாய்மாரோடு பேச்சு என்று வேலை பரவிக் கிடக்கிறது. இத்தனைக்கும் பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். தடைக்காலத்தில் ஊரில் இருப்பதுதான் இந்த வேலை. மீதிப் பத்து மாதமும் அதற்கான ஆயத்தம்.

ஏன் அந்த இரண்டு மாதம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இங்கே கடலோர ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள். தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ ஈஸ்டர் முடிந்ததும் நல்ல காரியப் பேச்சு ஆரம்பிக்கும். 2025-இல் ஈஸ்டர் ஏப்ரல் 20. தடை தொடங்கி ஐந்தே நாள். தங்கல் தொழிலுக்குப் போய்ப் பல நாள் கடலிலேயே கிடக்கும் அப்பாவும் அண்ணனும் மாமனும் அப்போதுதான் ஒருசேர வீட்டில் இருப்பார்கள். பெண் பார்க்க வர, பேசி முடிக்க, சீதனம் பேச அதைவிடத் தோதான காலம் கிடையாது. ஆம்பளைகள் வீட்டில் இருப்பதால் பிள்ளை எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள், போனில் என்ன பார்க்கிறாள் என்பதும் அப்போதுதான் கண்ணில் படும். கையில் காசு இல்லாத, வேலையும் இல்லாத ஒரு தகப்பனுக்கு மகளின் போன் பெரிய விஷயமாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

அதே மே மாதத்தில்தான் தேர்வு முடிவுகள் வருகின்றன. 2024-இல் பத்தாம் வகுப்பு முடிவு மே 10-இல் வந்தது, 2025-இல் மே 16-இல். பாஸான பிள்ளைக்குப் பதினோராம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு என்ற கேள்வி. ஃபெயிலான பிள்ளைக்கு ஜூலைத் தொடக்கத்தில் துணைத்தேர்வு இருக்கிறது. விண்ணப்பிக்கக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் யாரும் வந்து, "வா, ஒரு பாடம்தானே, எழுதிரலாம்" என்று சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் படிப்பு அத்தோடு நின்றுபோகும். மில்லுக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் இதைத் துல்லியமாக அறிந்துவைத்திருக்கிறார்கள். கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு, மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லித் தென்மாவட்டப் பிள்ளைகளைச் சேர்த்த சுமங்கலித் திட்டத்தின் கதை ஊரறிந்தது. ஆள் எடுக்கும் வேன் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் வரும். தரகருக்கு நம் கடற்கரையின் காலண்டர் மனப்பாடம். திட்டம் எழுதுகிற நமக்கும் அது தெரிந்திருக்க வேண்டாமா?

உப்பளப் பக்கம் கதை வேறு, காலம் ஒன்று. முத்தையாபுரம், முள்ளக்காடு, வேப்பலோடை, ஆறுமுகநேரி. அங்கே ஏப்ரல், மே என்றால் உப்பு விளைச்சலின் உச்சம். வெயிலுக்கு முன் வேலையை முடிக்க அம்மாக்கள் விடியுமுன்னே அளத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். வீட்டில் மூத்த பெண்பிள்ளைதான் அம்மா. பள்ளி இருக்கிற நாளில் அவள் சோறாக்கி, தம்பி தங்கையைக் குளிப்பாட்டிக் கிளப்பி, தானும் ஓடிவருவாள். ஒரு பள்ளி வாசலில் நான் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. தம்பியை ஆரம்பப் பள்ளிக் காலை உணவுக்கு உட்கார வைத்துவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அக்கா வெளியே சுவரில் சாய்ந்து நிற்பாள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15-இல் வந்தது. அருமையான திட்டம். ஆனால் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகிறவள் அந்தப் பதின்மூன்று வயது அக்கா. விடுமுறை விட்டால் வகுப்பும் இல்லை. அம்மாவோடு அளத்துக்கே போய்விடுவாள்.

பள்ளி பூட்டினால் பாடம் மட்டும் நிற்பதில்லை. மதியச் சத்துணவு நிற்கிறது. வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை நிற்கிறது. புதுயுகம் திட்டத்தில் கிடைக்கும் நாப்கின் நிற்கிறது. டீச்சரின் கண் நிற்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் யாராவது கேட்பார்கள். மே மாதத்தில் யாரும் கேட்பதில்லை.

உலகம் இதை ஒருமுறை பெரிய அளவில் பார்த்திருக்கிறது. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் எபோலா பரவியபோது பள்ளிகளை மாதக்கணக்கில் மூடினார்கள். வங்கதேசத்தில் பிறந்த பிராக் அமைப்பு அங்கே பெண்பிள்ளைகளுக்கென்று ஊர்தோறும் மன்றங்கள் தொடங்கியிருந்தது. மாலையில் கூட, பேச, கைத்தொழில் கற்க ஓர் இடம், அவ்வளவுதான். பொருளியல் அறிஞர் ஓரியானா பாண்டியராவும் அவர் குழுவும் அந்த ஊர்களை ஆராய்ந்தார்கள். நோயால் அதிகம் பாதிக்கப்பட்ட பகுதிகளில், மன்றம் இல்லாத ஊர்களில் இளம்வயதுக் கர்ப்பம் கூடியது, பள்ளி திறந்த பிறகு திரும்பாத பிள்ளைகளும் கூடினார்கள். மன்றம் இருந்த ஊர்களில் அந்தச் சேதம் கணிசமாகக் குறைந்திருந்தது. அந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு நம் ஊர் மே மாதம்தான் நினைவுக்கு வந்தது. பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 2021 செப்டம்பர் 1-இல்தான் நிலையாகத் திறந்தன. ஒன்றரை வருடக் கோடை விடுமுறை. அந்த இரண்டு வருடமும் பத்தாம் வகுப்பில் எல்லாரும் பாஸ். ஆனால் பாஸான எல்லாரும் பதினோராம் வகுப்புக்கு வரவில்லை என்பது இந்தக் கரையில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

கடலின் காலத்துக்கேற்ப அரசு தன் அலுவலகத்தை நகர்த்துவது இந்தக் கரைக்குப் புதிதில்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அதிகாரிகள் முதலில் கடலுக்குள் போய்ப் பார்களைச் சோதிப்பார்கள். பார் என்பது முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைத்திட்டு. தொளாயிரம் பார் இங்கே பேர்பெற்றது. சிப்பிக்கு வயது ஆகிவிட்டதா, எண்ணிக்கை தேறுமா என்று மாதிரி எடுத்துப் பார்த்த பிறகே குளிப்பு அறிவிப்பார்கள். அறிவித்துவிட்டால், கடல் அமைதியாக இருக்கும் அந்தச் சில வாரங்களுக்கு அரசாங்கமே கரைக்கு வந்துவிடும். கண்காணிப்பாளர், காவல், மருத்துவம், ஏலக் கொட்டகை, கடைவீதி எல்லாம். கடைசிக் குளிப்பு 1961-இல் நடந்தது. சிப்பிக்காக அவ்வளவும் செய்ய முடிந்த நிர்வாகத்தால் ஒரு பிள்ளையின் பத்தாம் வகுப்பு முடிவு வரும் வாரத்தில் அவள் ஊரில் ஒரு மேசை போட முடியும். முடியாது என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி வேலையைப் பற்றி.

முதலில் இடம். மே மாதத்தில் ஊரில் பிள்ளைகள் கூட இடம் கிடைப்பது லேசில்லை. சமுதாயக்கூடத்தில் கல்யாணம். வலைக்கூடத்தில் தடைக்காலத்து ஆம்பளைகள் வலை பொத்திக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் இருப்பார்கள். அங்கன்வாடிக்கும் மே மாதத்தில் விடுமுறை வந்துவிடும். பள்ளிக்கூடம்தான் சரியான இடம், ஆனால் சாவி யாரிடம்? தலைமையாசிரியை வெளியூரில் இருப்பார், வாட்ச்மேன் தன் மகள் வீட்டுக்குப் போயிருப்பார். அதனால் பிப்ரவரியிலேயே சாவி விஷயத்தைப் பேசி முடித்துவிட வேண்டும். எழுத்தில் அனுமதி, சாவி வைத்திருக்கும் ஆளின் பெயர், அவர் இல்லாவிட்டால் அடுத்த ஆள். பள்ளி கிடைக்காத ஓர் ஊரில், கணவனை இழந்த ஓர் அம்மா தன் வீட்டுத் திண்ணையையும் முன்னறையையும் தருகிறார். அவர் வீட்டுக்கு எதிரே தெருக்குழாய். பிள்ளைகள் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்காரலாம். தண்ணீர் வந்தால் ஒருத்தி எட்டிப் பார்த்துச் சொல்லுவாள், எழுந்து போய்ப் பிடித்துவிட்டு வருவார்கள். கூட்டம் நடுவில் கலைகிறதே என்று புதிதாக வந்த களப்பணியாளர் வருத்தப்பட்டார். குழாய் எதிரே இருப்பதால்தானம்மா கூட்டமே நடக்கிறது என்றேன். தண்ணீர் பிடிப்பது பெண்பிள்ளையின் வேலையாக இருக்கும் ஊரில் தண்ணீர் வரும் நேரம்தான் கூட்ட நேரம்.

அடுத்தது காகிதம். இதை நான் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன். வளரிளம்பெண்கள் திட்டம் என்றால் தன்னம்பிக்கை, தலைமைப்பண்பு என்று பேசுகிறோம். வேண்டியதுதான். ஆனால் என் அனுபவத்தில் பெண்பிள்ளைகளின் படிப்பை அதிகம் தடுத்த எதிரி ஓர் எழுத்து. இந்தக் கரையில் பிள்ளைகளுக்குப் பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கும். கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர். வீட்டில் கூப்பிடும் பெயர் ரேஷன் கார்டில். பள்ளியில் சேர்த்தபோது அவசரத்தில் தாத்தா சொன்ன பெயர் இன்னொன்று. இதற்கு மேல் போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து வரும் குடும்பப் பெயர்கள். பர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாடோ. ஆங்கிலத்தில் எழுதும்போது அப்பாவுக்கு ஒரு ஸ்பெல்லிங், மகளுக்கு ஒரு ஸ்பெல்லிங். ஆதாரில் குடும்பப் பெயர் இருக்கும், மாற்றுச் சான்றிதழில் வெறும் இனிஷியல் மட்டும் இருக்கும். கணினிக்கு இது இரண்டு வெவ்வேறு பிள்ளை. உதவித்தொகை நிற்கும், வங்கிக் கணக்கில் பணம் ஏறாது, கல்லூரிச் சேர்க்கையில் "சான்றிதழ் சரிபார்ப்பு நிலுவை" என்று வரும். அலைந்து களைத்த அப்பா, "போதும்மா, உனக்குப் படிப்பு ஒத்துவரல" என்பார். படிப்பு ஒத்துவந்தது. எழுத்துதான் ஒத்துவரவில்லை.

இதைச் சரிசெய்யும் காலம் ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் பள்ளிக் கல்வித்துறையின் எமிஸ் பதிவிலிருந்து போகிறது. சான்றிதழ் அச்சாகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. எனவே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபைல் போடுகிறோம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம். ஐந்தையும் வரிசையாகத் தரையில் பரப்பி, பிள்ளையையே எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்கிறோம். எந்த எழுத்து மாறுகிறதோ அதை அவளே சிவப்புப் பேனாவால் வட்டமிடுவாள். போன வருடம் ஒரு பிள்ளை தன் ஐந்து காகிதத்திலும் ஐந்து விதமாகத் தன் பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல எவ நான்?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். பிறகு அவளே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அடுத்த வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனாள். வரிசையில் அவள்தான் நின்றாள், அலுவலரிடம் அவள்தான் பேசினாள். தலைமைப்பண்பு என்று நாம் வகுப்பெடுப்பது அங்கே தானாக நடந்தது.

2022 செப்டம்பர் 5-இல் புதுமைப் பெண் திட்டம் வந்தபோது இந்தக் கரையில் எங்களுக்கு ஒரு மனக்குறை இருந்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்பிள்ளை கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். அதற்கு முன் 1989 முதல் இருந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம்தான் இப்படி மாற்றப்பட்டது. பிள்ளையின் கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் அவள் படிப்புக்குப் போகிறது. இதைவிட நல்ல மாற்றம் வேறு என்ன? ஆனால் நம் கடலோர ஊர்களில் பள்ளி என்றால் பெரும்பாலும் மறைமாவட்டமோ கன்னியர் சபையோ நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளி. கடல் தொழிலாளியின் மகள், இலவசமாகத் தமிழ்வழியில் படித்தவள், திட்டத்துக்கு வெளியே நின்றாள். 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தபோது உதவிபெறும் பள்ளியும் அதில் சேர்ந்திருந்தது. சில மாதம் ஒரே வீட்டில் அண்ணனுக்கு உண்டு, தங்கைக்கு இல்லை. 2024 டிசம்பர் 30-இல் உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புதுமைப் பெண் விரிவாக்கப்பட்டது. அந்த விழா நடந்ததே தூத்துக்குடியில்தான். அன்றைக்கு இந்தக் கரையில் எத்தனை வீட்டில் கணக்குப் போட்டார்கள் என்பதை நான் பார்த்தேன். மாதம் 1,000 என்பது பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் மட்டும் இல்லை, "படிக்க வச்சா செலவு" என்ற வாதத்தை வீட்டுக்குள்ளேயே எதிர்த்துப் பேச அம்மாவுக்குக் கிடைத்த ஆயுதம்.

மத்திய அரசின் வளரிளம்பெண்கள் திட்டம் இப்போது 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு, வடகிழக்கு மாநிலங்களுக்கு வெளியே, முன்னேற விழையும் மாவட்டங்கள் எனப் பட்டியலிட்டவற்றில் மட்டும் நடக்கிறது. தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் விருதுநகரும்தான் அந்தப் பட்டியலில். அதாவது வேம்பாரைத் தாண்டினால் உண்டு, வேம்பாருக்குள் இல்லை. அதே கடல், அதே காற்று, அதே வறுமை. திட்டங்களின் எல்லை இப்படி விழும் இடங்களில்தான் ஒருங்கிணைப்பாளர் நிற்க வேண்டியிருக்கிறது.

கல்யாணப் பேச்சு பற்றி இப்போது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன் கல்யாணமானவர்கள் 12.8 சதவீதம், இந்தியா முழுக்க 23.3. நம் நிலை மேல் என்று மேடையில் பேசலாம். கடற்கரையில் நான் காண்பது அந்தக் கணக்கில் விழாத ஒன்று. கோவில் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க வேண்டும், அதாவது கல்யாண அறிவிப்பைக் கோவிலில் முன்கூட்டியே படிக்க வேண்டும். பங்குச் சாமியார் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டி வயது பார்ப்பார். எனவே பதினாறில் கோவிலில் கல்யாணம் நடப்பது அரிது. நிச்சயம் நடக்கும். நிச்சயம் ஆன பிள்ளை அடுத்த ஜூனில் பள்ளிக்கு வர மாட்டாள். மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்பார்கள், அல்லது நம் வீட்டாரே எதற்கு வம்பு என்பார்கள். பதினெட்டு முடிந்த மறுவாரம் ஓலை வாசித்து முறைப்படி கல்யாணம். சட்டம் மீறப்படவில்லை, எந்த ஆய்விலும் குழந்தைத் திருமணம் என்று பதிவாகாது. படிப்பு நின்றது பதினாறில். நம் கண் கல்யாணத் தேதியில் இருக்கக் கூடாது, நிச்சயத் தேதியில் இருக்க வேண்டும். அது தடைக்காலத்தில் வருகிறது.

இந்தப் பேச்சைத் தாய்மாரிடம் எப்படி எடுப்பது? "படிக்கவைங்க, படிச்சா நல்லா இருப்பா" என்று சொல்லிப் பயன் இல்லை. அது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஏலக்கரையில் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓர் அம்மா என்னிடம் சொன்னது: "டீச்சர், படிக்க வைக்கணும்னுதான் ஆச. அவ பன்னெண்டு முடிச்சா பன்னெண்டு முடிச்ச மாப்பிள்ள பத்தாது, டிகிரி வேணும். டிகிரி மாப்பிள்ளைக்கு எவ்வளவு சீதனம்னு ஒங்களுக்குத் தெரியும். இப்ப வந்திருக்கிற பையன் தோணியில போறான், கொழும்பு, மாலத்தீவுன்னு. நல்ல பையன். இந்த எடத்த விட்டா நாளைக்கு நான் எங்க போயி நிப்பேன்?" இதில் ஒரு வாக்கியத்தையும் மறுத்துப் பேச முடியாது. அவர் கணக்கு சரியான கணக்கு. நான் செய்தது, அந்தக் கணக்கில் விட்டுப்போன வரிகளை அவரோடு உட்கார்ந்து சேர்த்ததுதான். மாதம் 1,000. 2021 மே முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மீன்வளக் கல்லூரி தூத்துக்குடியிலேயே 1977 முதல் இருக்கிறது, மீனவர் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு உண்டு. பையன் நல்லவன் என்றால் இரண்டு வருடம் காத்திருப்பான். காத்திருக்க மாட்டேன் என்றால் அதுவும் ஒரு சேதிதான். கடைசியில் அவர் இரண்டு வருடம் கேட்டு வாங்கினார். நான் வாங்கித் தரவில்லை, அவரே மாப்பிள்ளை வீட்டில் பேசினார். மகள் பன்னிரண்டு முடித்தாள். அதற்குப் பிறகு நடந்தது அவர்கள் குடும்ப விஷயம்.

சட்டத்தைக் காட்டிப் பேசுவது எனக்குக் கடைசி வழி. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098 வேண்டும், மாவட்டச் சமூகநல அலுவலரின் அதிகாரமும் வேண்டும். பிள்ளை மனமின்றி இழுத்துச் செல்லப்படும்போது ஒரு நிமிடமும் தயங்காமல் கூப்பிட்டிருக்கிறோம், இனியும் கூப்பிடுவோம். ஆனால் மண்டபத்து வாசலில் போலீஸ் வந்து நிற்கும் கல்யாணத்தில், மறுநாளிலிருந்து அந்த வீட்டில் அந்தப் பிள்ளை எப்படி இருப்பாள் என்று யோசிக்க வேண்டும். இதில் இன்னொரு முள்ளும் உண்டு. பெற்றோர் அவசரப்படுவதற்கு முதல் காரணம் பல நேரம் வறுமை இல்லை, காதல் பயம். "ஓடிப்போயிட்டா என்ன செய்ய?" என்ற கேள்விக்குத் திட்ட அறிக்கைகளில் பதில் கிடையாது. காதலைப் பற்றிப் பேசாத வளரிளம்பெண்கள் திட்டம் எதற்கு? எங்கள் கூட்டத்தில் பேசுகிறோம். உடலைப் பற்றி, மாதவிலக்கைப் பற்றி, பிடித்தவன் மேல் வரும் ஆசையைப் பற்றி, வேண்டாம் என்று சொல்லும் உரிமையைப் பற்றி, பதினெட்டுக்குள் உறவு நடந்தால் போக்சோ சட்டம் இருவர் வாழ்க்கையிலும் என்ன செய்யும் என்பதைப் பற்றி. அம்மாக்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் பேசுகிறோம். மறைத்துப் பேசினால் அடுத்த வாரம் பிள்ளை வர மாட்டாள்.

அதனால்தான் பதிவேட்டில் எதை எழுதுவது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். வருகை, எடை, ஹீமோகுளோபின் அளவு, விண்ணப்ப நிலை எல்லாம் எழுதலாம். பிள்ளை அழுதுகொண்டே சொன்னதை எழுதக் கூடாது. "வழக்கு ஆய்வு" கேட்டு மின்னஞ்சல் வரும், புகைப்படமும் கேட்பார்கள். சின்ன ஊர், பெயரை மாற்றினாலும் தெருவைச் சொன்னால் ஆள் தெரிந்துவிடும். நிதி குறைந்தாலும் பரவாயில்லை, பிள்ளையின் கதையை விற்று நிதி வாங்க மாட்டோம்.

இரும்புச்சத்து மாத்திரை விஷயம் சுருக்கமாக. மேற்சொன்ன தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. மீன் தின்கிற ஊரில் எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல மீன் ஏலத்துக்குப் போகும், வீட்டுக்கு வந்தது முதலில் ஆம்பளைகள் தட்டில் விழும், கடைசியில் சாப்பிடுகிறவளுக்குக் குழம்பு. மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மலம் கறுக்கும். "இதப் போட்டா பிள்ள பெறக்காது" என்று யாரோ சொன்னதும் சேர்ந்து மாத்திரை குப்பைக்குப் போகும். சோற்றுக்குப் பின் போடு, டீயோடு போடாதே, கறுத்தால் பயப்படாதே என்ற மூன்று சொல்லை நர்சம்மாவின் வாயால் சொல்ல வைத்தால் பாதிக் காரியம் முடிந்தது. மே மாத மாத்திரையை ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கி வைத்துவிட வேண்டும். நாப்கினும் அப்படியே.

நிதி தருகிறவர்களுக்கும் துறை அதிகாரிகளுக்கும் நான் கேட்பது பெரிதில்லை. திட்ட ஆண்டை ஜனவரியில் தொடங்குங்கள். அது முடியாதென்றால், மார்ச் முடிவதற்குள் அடுத்த மூன்று மாதத்துக்கான சம்பளத்தையும் பயணப்படியையும் மட்டுமாவது விடுவித்துவிடுங்கள். களப்பணியாளருக்கு மே மாதத்தில் விடுப்பு வேண்டாம், நவம்பர் மழையில் கொடுங்கள்.

இந்தக் கரையில் வாசிக்கிறவர்களிடம் வேறு ஒன்று கேட்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியையா, தூய மரியன்னைக் கல்லூரியில் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் அக்காவா, பங்கின் அன்பியக் குழுவில் கணக்கு எழுதுகிறவரா, யாராக இருந்தாலும் சரி. வரும் மே மாதம் உங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு எழுதிய பிள்ளைகள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். முடிவு வரும் அன்று ஒவ்வொரு வீட்டுக்கும் போங்கள். பாஸான பிள்ளையின் ஆதாரையும் மாற்றுச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஃபெயிலான பிள்ளையை முதலில் பாருங்கள். துணைத்தேர்வு விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது.